சகாயம் அண்ணனுக்கு: எந்தக் கச்சேரிப் படத்தை வாங்கலாம்?

அன்புள்ள சகாயம் அண்ணனுக்கு,

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரம் வீட்டு மாடி அறையில் டிவி மாட்டியாயிற்று, ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வந்தாயிற்று, இனி அலமாரியை நிரப்ப ஐம்பது கச்சேரிப் படங்களின் பட்டியல் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பதெல்லாம் வேண்டாம் அண்ணே, பத்துப் பன்னிரண்டு போதும். ஐம்பது வாங்கினால் நாற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டு மூடி வைப்பீர்கள். அதற்கு யூடியூப் போதுமே. காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் படம் என்றால், எத்தனை தடவை போட்டாலும் வாசிப்பவரின் கை தெரிய வேண்டும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்துக் கேட்க வேண்டும். மேடையில் நின்றவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்ப்பதற்கு முன்னால், அன்றைக்கு எதில் படம் பிடித்தார்கள், ஒலியை எப்படி எடுத்தார்கள் என்று பாருங்கள்.

முதலில் வாங்க வேண்டியது ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’. டாக்கிங் ஹெட்ஸ் குழு 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பேன்டேஜஸ் தியேட்டரில் வாசித்ததை ஜானதன் டெமி படமாக்கினார்; 1984இல் வெளிவந்தது. வெறும் மேடை. குழுவின் பாடகர் டேவிட் பெர்ன் ஒரு கிட்டாரும் டேப் ரெக்கார்டருமாக வந்து, ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டு முதல் பாட்டைத் தனியாகப் பாடுகிறார். இரண்டாவது பாட்டுக்கு டீனா வேமத் பேஸ் கிட்டாரோடு வந்து சேர்கிறார். மூன்றாவதுக்கு டிரம்ஸை மேடையோடு உருட்டிக்கொண்டு வருகிறார்கள். நான்காவதுக்கு இன்னொரு கிட்டார். ‘பர்னிங் டவுன் த ஹவுஸ்’ வரும்போது மேடையில் ஒன்பது பேர். புது ஸ்பீக்கரைச் சோதிக்க இதைவிட நல்ல படம் கிடையாது. ஆள் ஒவ்வொருவராகக் கூடுவதால், ஒலி எங்கே கலங்குகிறது என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம். பேஸ் நுழைந்ததும் பெர்னின் குரல் மங்கினால் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். இரண்டடி முன்னால் இழுத்துப் போட்டு, அதே பாட்டை மறுபடி கேளுங்கள். கூட்டத்தை ஏறக்குறைய கடைசிவரை காட்டவே மாட்டார்கள் என்பது இந்தப் படத்தின் பெரிய நாகரிகம். 2023இல் 4கே-யில் புதுப்பித்து வெளியிட்டார்கள். பழைய டிவிடி மலிவாகக் கிடைத்தாலும் அதை விட்டுவிட்டுப் புதுப் பதிப்பையே வாங்குங்கள்.

இங்கிலாந்து ராக் குழுவான குவீனின் கச்சேரியை நீங்களே கேட்டிருந்தீர்கள். எல்லோரும் வாங்குவது 1986 வெம்ப்ளி. அது வீடியோ டேப்பில் பிடித்தது. டேப்பில் அன்றைக்கு எவ்வளவு பதிவானதோ அவ்வளவுதான். பின்னால் ப்ளூரேயில் போட்டாலும் 55 அங்குல டிவியில் முகங்கள் சற்றுக் குழைந்தே தெரியும். 1981 நவம்பரில் மான்ட்ரியாலில் நடந்ததோ 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தது. ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்தால் நுணுக்கம் கூடி வரும். பாடகர் ஃபிரெடி மெர்குரி பியானோவில் உட்கார்ந்திருக்கும் இடங்களில் விரல் விரலாகப் பார்க்கலாம். ஐந்து வருடம் பழைய கச்சேரி, ஆனால் படம் புதிது போல இருக்கும். ‘குவீன் ராக் மான்ட்ரியால்’ என்று தேடுங்கள்.

மார்ட்டின் ஸ்கோர்சீஸியின் ‘த லாஸ்ட் வால்ட்ஸ்’ அலமாரியில் இல்லாமல் முடியாது. த பேண்ட் குழு 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் கொடுத்த விடைபெறும் கச்சேரி. படம் 1978இல் வந்தது. எரிக் கிளாப்டன் சோலோ ஆரம்பிக்கும்போது கிட்டாரின் தோள்வார் கழன்றுவிடும். பக்கத்தில் நிற்கும் த பேண்டின் கிட்டார்காரர் ராபி ராபர்ட்சன் தாளம் தவறாமல் சோலோவைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். அந்தச் சில வினாடிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மடி வாட்டர்ஸ் பாடும்போது மற்ற கேமராக்களில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருக்க, ஓடிக்கொண்டிருந்த ஒரே கேமராதான் அந்தப் பாட்டைக் காப்பாற்றியது. அதனால்தான் அந்த இடத்தில் வெட்டு அதிகம் இல்லாமல் ஒரே கோணத்தில் நிற்கிறது. கேட்பதெல்லாம் அன்றைய ஒலி என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பிற்பாடு ஸ்டூடியோவில் நிறைய திருத்திச் சேர்த்திருக்கிறார்கள்.

சிதார், சரோத் கேட்கும் காதுக்கு ‘த கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’. 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இயக்கியவர் சால் ஸ்விம்மர், மான்ட்ரியால் குவீன் படத்தையும் எடுத்தவர். ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோத், அல்லா ரக்கா தபலா. சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்ட, சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சொல்லும் இடம் இதில்தான். இதே ஜோடியை, அதாவது ரவிசங்கரையும் அல்லா ரக்காவையும், 1967 ஜூன் மாதக் கச்சேரியைப் பதிவு செய்த ‘மான்டரே பாப்’ படத்தின் கடைசியில் இன்னும் விரிவாகப் பார்க்கலாம். அதன் இயக்குநர் பென்னிபேக்கர் முதலில் நெடுநேரம் கூட்டத்திலேயே கேமராவை அலையவிட்டு நம் பொறுமையைச் சோதிப்பார். வேகமான முடிவுப் பகுதியான ஜாலாவுக்கு வந்தபின் கேமரா பெரும்பாலும் வாசிப்பவர்களிடமே நிற்கும்.

அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளினின் ‘அமேசிங் கிரேஸ்’ படத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவுகள் பாடினார். ஒலிப்பதிவு அதே வருடம் ஆல்பமாக வந்தது. படம் பிடித்த சிட்னி போலக், ஷாட் தொடங்கும்போது அடிக்கும் கிளாப் பலகையைப் பயன்படுத்தவில்லை. எந்தத் துண்டு ஃபிலிம் எந்த ஒலியோடு சேரும் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் சுருள்கள் பல பத்தாண்டு முடங்கிக் கிடந்தன. கம்ப்யூட்டரில் ஒலியையும் படத்தையும் பொருத்தி, 2018இல்தான் திரைக்கு வந்தது. கோயில் பாடல் என்பதால் உங்களுக்குப் புதிது ஒன்றும் இல்லை, ஆனால் பாடகர் குழு எழுந்து நின்று பதில் குரல் கொடுக்கும் இடத்தில் உங்கள் மாடி அறை தாங்காது! அரீத்தா பியானோவில் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருக்க, அவர் அப்பா எழுந்து வந்து மகளின் முகத்து வியர்வையைத் துடைத்துவிடுவார். 16 மி.மீ. ஃபிலிம், வெளிச்சமும் போதாது, துகள் துகளாகத்தான் இருக்கும். டிவியில் ‘இரைச்சல் குறைப்பு’ என்ற வசதியைப் போட்டுச் சுத்தப்படுத்தப் பார்த்தால் முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும். அணைத்தே வையுங்கள்.

மற்றவை சட்டென்று: ஈகிள்ஸின் ‘ஹெல் ஃபிரீசஸ் ஓவர்’ 1994 டேப்தான், ஆனால் ஒலி அபாரம், சவுண்ட் சிஸ்டம் விற்கும் கடைகளில் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வைத் தேயத் தேயப் போட்டுக் காட்டுவது இதிலிருந்துதான். கிளாப்டனின் 1992 ‘அன்பிளக்டு’, இரவில் மெதுவாக வைத்துக் கேட்க. லெனர்ட் கோஹனின் 2008 லண்டன் கச்சேரி, முதிர்ந்த குரலுக்கு. பிங்க் ஃபிளாய்டின் ‘லைவ் அட் பாம்பெய்’ படத்தின் முக்கியமான பகுதிகள் 1971 அக்டோபரில் ஆளில்லாத பழைய ரோமானிய அரங்கில் எடுத்தவை, பார்வையாளர் கூட்டமே கிடையாது. 2025இல் ஒலியைப் புதிதாகக் கலந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

நம்மவர்களில் ‘மார்கழி ராகம்’ கிடைத்தால் விடாதீர்கள். 2008இல் ஜயேந்திரா இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவில், பாம்பே ஜெயஸ்ரீயும் டி.எம். கிருஷ்ணாவும் பாடியது. ஏ.ஆர். ரஹ்மானின் ‘ஒன் ஹார்ட்’ 2017இல் வந்தது, வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் மேடையும் ஒத்திகையும் கலந்தது. சபா வீடியோக்களில் பெரும்பாலானவற்றை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் ஒன்றுதான்: தனி ஆவர்த்தனம் நடக்கும்போது கேமராக்காரர் தாளம் போடும் மாமாக்களையும் பேனரையும் காட்டிக்கொண்டிருப்பார். மோரா என்னும் முடிப்பில் மிருதங்கக்காரரின் வலது கை என்ன செய்தது என்று கடைசிவரை தெரியாது. வாங்குமுன் தனி வரும் பத்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள், போதும்.

இனி வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள். ப்ளூரே டிஸ்க்கில் உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. லண்டனிலிருந்து மகன் வாங்கிவரும் டிஸ்க்கில் பி மட்டும் போட்டிருந்தால் உங்கள் பிளேயர் ஏற்காது. ஏபிசி மூன்றும் இருந்தால் கவலையில்லை. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பிரிவினை கிடையாது. டிவிடியில் இந்தியா 5. அட்டையில் 0 அல்லது ‘ஆல்’ என்றிருந்தால் ஓடும்.

சங்கீதம் தெரிந்தவர் என்பதால் இதையும் சொல்கிறேன். ஃபிலிம் வினாடிக்கு 24 ஃபிரேம். ஐரோப்பாவின் ‘பால்’ (PAL) என்ற டிவி முறைப்படி வரும் டிவிடியில் அதை 25ஆக ஓட்டுவார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், அதோடு சுருதியும் ஏறும். ஏற்றம் அரைக் கட்டையை நெருங்கும். படத்தின் நீளம் 100 நிமிடம் என்றால் டிவிடியில் 96 காட்டும். அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அதனால் ஃபிலிமில் எடுத்த கச்சேரியை ப்ளூரேயிலோ அமெரிக்க முறையான என்டிஎஸ்சி டிவிடியிலோ வாங்குவது நல்லது. டேப்பில் எடுத்தவற்றுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். டிஸ்க்கின் ஆடியோ மெனுவில் பிசிஎம் ஸ்டீரியோ, அதாவது சுருக்காத இரண்டு வழி ஒலி, இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆறு ஸ்பீக்கருக்கான 5.1ஐ வைத்தால் பிளேயர் ஆறு வழியையும் இரண்டாகச் சுருக்கும்போது குரல் தணிந்து, கைதட்டல் ஓங்கிவிடும். பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் ‘டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோல்’, சிலவற்றில் ‘நைட் மோட்’, பிளேயர் செட்டிங்கில் அணைந்திருக்க வேண்டும். டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் டிவியின் டிஜிட்டல் ஆடியோவையும் பிசிஎம் என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் சத்தமே வராது, ஒயர் பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்குவீர்கள். டிரம் குச்சி தோலைத் தொடுவதற்கு முன்பே அடி கேட்டால், டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்து, படத்தை கேம் மோடில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

மரப்பலகைத் தரை என்பதால் பேஸ் தரை வழியாக அதிர்ந்து கீழ் வீட்டுக்குப் போகும். ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு அடிச் சதுரக் கடப்பாக் கல், அதற்கும் கீழே நாலு ரப்பர் துண்டு. ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் நடுவே ஏழடி என்றால் நாற்காலியும் அவற்றிலிருந்து ஏழடியில். தகரக் கூரையில் ஐப்பசி மழை விழும் இரவில் கோஹனும் கிளாப்டனும் எடுபட மாட்டார்கள், அன்றைக்குக் குவீன்தான்.

மரம் ஒயரில் சாய்ந்து கரண்ட் போகும் ஊர். இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகமாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் ‘ம்’மென்று உறுமும், சைன் வேவ் ரகம்தான் தேவை. இடி வரும் சித்திரையிலும் ஐப்பசியிலும் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, டிஷ் ஒயரையும் இன்டர்நெட் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மின்சாதனங்களின் கையேடு பலவற்றில் அந்த உயரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். காற்று லேசாக இருப்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் மேலும் பக்கமும் நாலு அங்குலம் விடுங்கள். மேலே துணி விரித்துப் பூச்சாடி வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

ஈரம்தான் டிஸ்க்கின் எதிரி. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி வையுங்கள். பூசணம் முதலில் பிடிப்பது உள்ளே இருக்கும் தாளையும் புத்தகத்தையும். பிறகுதான் டிஸ்க்குக்கு வரும். மூடி இறுக்கமான 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் துணிப்பையில் 200 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்தால் மறுபடி வேலை செய்யும். டிஸ்க்குகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். மெல்லிய பிவிசி உறைகள் ஈரத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், தூக்கிப்போடுங்கள். துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில். வட்டமாகத் துடைத்த கீறல் தடத்தின் போக்கிலேயே விழுவதால் பிளேயர் திணறும். மார்கழி இரவில் குளிர்ந்து கிடந்த அறையில் ஹீட்டரைப் போட்டவுடன் பிளேயரையும் போட்டால், உள்ளிருக்கும் லென்ஸில் பனி படிந்து ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். பழுது இல்லை. ஒரு மணி நேரம் பொறுத்துப் போடுங்கள்.

முதல் ஆர்டரில் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’, மான்ட்ரியால் குவீன், ‘அமேசிங் கிரேஸ்’ மூன்றும் போதும். ஒயர் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஹெச்டிஎம்ஐ இருக்கிறதா, ஆப்டிகல் மட்டும்தானா என்று பார்த்துவிட்டு எது வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி