தெருப்படம் எடுக்கும் வண்டிகள் எங்கள் வேலியின் உயரம் அறிந்து வர வேண்டி மனு

அனுப்புநர்
ஜெராக்ஸ், கணினிக் கடை நடத்தும் பெண்,
மற்றும் தெருப் பெண்கள் 41 பேர் (கையொப்பம் தனித்தாளில்),
தென்கடற்கரை மீனவர் குடியிருப்பு,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: இணைய வரைபடங்களுக்காகக் கடலோரக் குடியிருப்புகளைப் படம் எடுக்க வரும் வண்டிகள், முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிவிட்டு வரவும், வீட்டு மறைப்புகளுக்கு மேலாகப் படம் எடுக்காமல் இருக்கவும் நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் நான் எழுதிக் கொடுத்தவையும் இருக்கும். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், காற்றில் போன வலை என்று பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்காக எழுதிவருகிறேன். என் தெருவுக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு நாள் பகலில், கூரை மேல் கம்பம் வைத்து அதன் உச்சியில் உருண்டையாகக் கேமரா மாட்டிய கார் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்து, சிலுவை வைத்த சின்னக் குருசடி வரை போய்த் திரும்பியது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். சினிமாக்காரர்கள் என்றார் ஒருவர். ரோடு போட அளக்கிறார்கள் என்று இன்னொருவர் சொன்னதும் எல்லாருக்கும் சந்தோஷம். தெருவை நாலாபுறமும் படம் பிடித்து இணைய வரைபடத்தில் ஏற்றுகிறார்கள், உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் எங்கள் தெருவில் நடப்பதுபோலப் பார்க்கலாம் என்பது மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. எந்த நிறுவனத்தின் வண்டி என்று இங்கே எழுதவில்லை. நாளைக்கு வேறொருவர் வண்டி வந்தாலும் எங்கள் பேச்சு இதுதான்.

இந்தப் படத்தைத் தடை செய்யுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. அதனால் எங்களுக்குப் பலன் இருக்கிறது. எங்கள் தெருவில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. இரண்டையுமே கடல் காற்று அரித்துவிட்டது. 108 வண்டிக்கு வழி சொல்வதென்றால், "குருசடிக்கு எதிர்ச் சந்து, நீலக் கதவு, வாசலில் உடைந்த வள்ளம் கிடக்கும்" என்று போனில் கத்த வேண்டும். ஒரு பிரசவ ராத்திரியில் நான் அந்தத் தெருப்படத்தையே டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடைந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் நேராக வந்து நின்றார்.

மழைக்கும் அது சாட்சி. 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது தங்களுக்குத் தெரியும். அப்படி இன்னொன்று வந்து தெருவில் தண்ணீர் நின்றால், வாய்க்கால் முன்பு எங்கே ஓடியது, எந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள் என்று காட்ட எங்களிடம் வேறு என்ன இருக்கிறது? 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடியில் ரயில் நிலையமும் சர்ச்சும் இடிந்து நிற்கின்றன. ஆனால் யார் வீடு எந்தத் தெருவில் எத்தனையாவதாக இருந்தது என்பது வயசானவர்கள் நினைவோடு போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம் அந்தப் பாட்டி. எங்கள் தெருப்படத்தில் ஒரு திண்ணை தெரியும். அதில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருப்பார். முகத்தைக் கம்ப்யூட்டரே மங்கலாக்கிவிட்டது. ஆனால் இடது உள்ளங்கையால் உரலின் வாயை மூடி மூடித் திறந்து இடிக்கிற பழக்கம் எங்கள் தெருவில் அவர் ஒருவருக்குத்தான். படம் எடுத்த இரண்டாம் மாதம் இறந்துபோனார். பேரன் தம்மாமில் வேலை பார்க்கிறான், சாவுக்கு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை லீவில் அந்தத் திண்ணையைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாக எனக்குப் போனில் சொன்னான். "போய்ப் பார்த்துவிட்டு" என்றே சொன்னான்.

அதே படத்தில், அந்தத் திண்ணைக்கு நாலு எட்டு தள்ளி, ஒரு மறைப்பு இருக்கிறது. இந்த மனு அதைப் பற்றியது.

எங்கள் பெண்கள் பலர் கடல் பாசி எடுக்கப் போகிறவர்கள். விடியுமுன் போய், மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் முங்கி எடுத்து, மதியம் திரும்புவார்கள். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, விரலில் துணிச் சுற்று, உடம்பெல்லாம் உப்பும் அரிப்பும். வந்ததும் சோறு இல்லை, குளியல்தான். நல்ல தண்ணீர்க் குழாய் தெருவில் இருப்பதால் டிரம்மும் வாசல் பக்கம் இருக்கும். டிரம் இருக்கும் இடத்தில்தானே மறைப்பு வைக்க முடியும்? நாலு கம்பு ஊன்றி, மூன்று பக்கம் பனை ஓலைத் தட்டி, ஒரு பக்கம் தார்ப்பாய். உயரம் ஐந்து அடி. தெருவில் நடக்கிற ஆள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எத்தனையோ வருடமாக அந்த ஐந்து அடி போதுமானதாக இருந்தது. சைக்கிளில் போகிறவர்கூட அந்த இடத்தில் மணி அடித்துவிட்டுத்தான் போவார்.

கார் கூரையும் அதன் மேல் கம்பமும் சேர்ந்தால் கேமரா எட்டு அடிக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் மறைப்பு மேலே திறந்த பெட்டி.

அந்த அக்காவின் பெயரை எழுதவில்லை. வண்டி வந்தது பெண்கள் திரும்பிவரும் நேரம். நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடையும் நனைந்த தோளும் படத்தில் தெரிந்தன. அவரவர் வீட்டைப் போனில் தேடிப் பார்ப்பது பையன்களுக்கு அப்போது ஒரு விளையாட்டு. அப்படித்தான் வெளியே வந்தது. அந்த அக்கா கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டுக் காட்டினார். முகம் மங்கலாகத்தான் இருக்கிறதே அக்கா என்று நான் சமாதானம் சொன்னேன். "மூஞ்சி இல்லாட்டி என்னடி, என் வீடு இருக்கே, என் தார்ப்பாய் இருக்கே. வேற எவ குளிப்பா அதுக்குள்ள?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய நகரத்தில் முகத்தை மறைத்தால் ஆள் மறைந்துவிடலாம். நாற்பது வீட்டுத் தெருவில் வீடுதான் முகம்.

நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுட்டி, அதற்குள் ஆங்கிலத்தில் ஒரு படிவம். மறைக்க வேண்டிய இடத்தில் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். நான் முதலில் அவசரத்தில் போட்ட கட்டம் பெரிதாகிப் பாட்டியின் திண்ணையையும் சேர்த்து மூடிவிட்டது. ஒருமுறை மங்கலாக்கினால் திரும்பக் கொண்டுவர முடியாது என்று கீழே எழுதியிருந்ததைப் படித்தபிறகு கை நடுங்கிவிட்டது. அழித்துவிட்டு, மறைப்பை மட்டும் சுற்றி மறுபடி கட்டம் போட்டேன். சில நாளில் மறைத்தார்கள். ஆனால் அதற்குமுன் எத்தனை போனில் அந்தப் படம் சேமிக்கப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? அந்த அக்கா இப்போது வெயில் சாய்ந்து, இருட்டிய பிறகுதான் குளிக்கிறார். அதுவரை உப்போடுதான் இருக்கிறார்.

பெண்களை அந்தரங்கத்தில் எட்டிப் பார்ப்பதையும் படம் எடுப்பதையும் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் வழக்குப் போடலாமா என்று கடைக்கு வந்த வக்கீல் ஒருவர் யோசனை சொன்னார். எட்டிப் பார்த்தது ஓர் ஆள் என்றால் தெருவே அவனைத் தட்டிக் கேட்டிருக்கும். இது ஒரு மிஷின், ஓட்டி வந்த பையனும் ஸ்டியரிங்கைத்தான் பார்த்திருப்பான். வழக்கு வேண்டாம் என்றுவிட்டார் அக்கா.

வெளிநாட்டில் இந்தச் சிக்கல் முன்பே வந்திருக்கிறது. ஜப்பானிலும் வேலிக்கு மேலாக வீட்டு முற்றம் தெரிகிறது என்று புகார் எழுந்தது. 2009-இல் கூகுள் நிறுவனம் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி, எடுத்ததை மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் 2010-இல் படம் வெளிவருவதற்கு முன்னாலேயே வீட்டுக்காரர்களைக் கேட்டார்கள். 2,44,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் எங்கள் வீட்டை மறைத்துவிடுங்கள் என்றன. (மறைத்த வீடுகளைத் தேடிப்போய் எஸ்ஸன் நகரில் சிலர் முட்டை எறிந்தார்களாம். மறைத்தாலும் வம்பு!) நம் நாட்டில் 2016-இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி மத்திய அரசு மறுத்த திட்டம், 2022 ஜூலையில் சென்னை உட்படப் பத்து நகரங்களில் தொடங்கியது. உச்சிப்புளிக் கடற்படை விமானத் தளத்தை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்று யோசிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி இருக்கும் எங்கள் ஓலைத் தட்டியைப் பற்றியும் யாராவது யோசிக்க வேண்டும்.

அனுமதி கொடுப்பது, மறுப்பது கலெக்டர் கையில் இல்லை என்று பதில் வரலாம். 2021 பிப்ரவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படித் தெருப்படம் எடுப்பது இந்திய நிறுவனங்களாக இருக்க வேண்டும்; அவர்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. சரி, அது தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக 24.8.2017 அன்று சொன்னது ஓலை வீட்டுக்கும் சேர்த்துத்தானே? ஊருக்குள் வருமுன் சொல்லிவிட்டு வாருங்கள் என்று தாங்கள் ஒரு கடிதம் எழுதினால், அதைத் தட்டிவிட்டு இந்த மாவட்டத்துக்குள் வண்டி ஓட்டுகிற நிறுவனம் இருக்காது என்பது எங்கள் நம்பிக்கை.

ஆகவே, வண்டி வருகிற நாளும் நேரமும் இரண்டு நாள் முன்பே ஊராட்சிக்குத் தெரிய வேண்டும். கோயில், பள்ளிவாசல், சர்ச் மைக்கில் சொன்னால் போதும். தட்டிக்கு மேல் ஒரு சேலையைப் போட்டுவிடுவோம், அல்லது அன்றைக்கு அந்த நேரம் குளிக்காமல் இருப்போம். மறைப்புகள் உள்ள குடியிருப்புத் தெருக்களில் கேமரா ஐந்து அடிக்கு மேல் போகக் கூடாது. காரில் அது முடியாது என்றால், பிரதான சாலையோடு நின்றுகொள்ளட்டும், அல்லது ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நடந்து எடுக்கட்டும். தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோரம் முழுக்க இதே தட்டிதான், இதே ஐந்து அடிதான். எங்கள் ஒரு தெருவுக்கு மட்டும் கேட்கவில்லை.

மறைக்கச் சொல்லும் விண்ணப்பத்தை இ-சேவை மையங்களில் தமிழில், கட்டணமில்லாமல் போட்டுக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். என் கடைக்கு வருமானம் போகும், பரவாயில்லை. கட்டம் போடும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுப் போடச் சொல்லவும், திண்ணை விஷயத்தில் நான் பட்டது போதும். வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டால் வாசலில் மறைப்பே தேவைப்படாது என்று தங்களுக்குத் தோன்றலாம். உண்மைதான். அதற்குத் தனி மனு ஏற்கெனவே கொடுத்திருக்கிறோம்.

நேரில் வந்து பார்க்க அலுவலர் யாரையாவது அனுப்பினால், மதியம் தவிர்த்துக் காலை பத்து மணிக்குமுன் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்பாகக் கையொப்பத் தாளும், ஒரு மறைப்பின் நீள அகல உயரம் குறித்த கைப்படமும் வைத்திருக்கிறேன். அந்த இணையப் படத்தை மட்டும் இணைக்கவில்லை. கடையில் அதன் பிரதி எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தென்கடற்கரை மீனவர் குடியிருப்புப் பெண்கள் சார்பில்
ஜெராக்ஸ் கடைக்காரி

இடம்: மண்டபம்