இரண்டு பிள்ளைகளின் தாயான மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க அனுதினமும் ஜெபித்து வருகிறோம்.

சென்ற வாரம் போனில் பேசும்போது, சின்னவன் பிறந்த பிறகு உபவாச ஜெபத்துக்கோ பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கோ போக முடியவில்லை என்றும், வேதத்தைத் திறந்து உட்கார்ந்தால் இரண்டு வசனத்துக்குள் கண் சொருகிவிடுகிறது என்றும், கல்லூரிக் காலத்தில் இருந்த பக்தி எங்கே போயிற்றென்று தெரியவில்லை என்றும் வருத்தப்பட்டாய். பிள்ளை அழுததால் பேச்சு பாதியில் நின்றது. இரண்டு வார்த்தையில் ஆறுதல் சொல்லி முடிக்கிற காரியம் இது அல்ல என்று எனக்குத் தோன்றியதால் நிதானமாக எழுதுகிறேன்.

நம் ஊருக்குப் பக்கத்தில்தான் டோனாவூர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நீயும் படித்திருக்கிறாய். 1895இல் இந்தியாவுக்கு வந்த அவர், நம் பகுதியில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901இல், தேவதாசியாகக் கோயிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதற்குப் பின் ஒன்றிரண்டாகக் குழந்தைகள் வரவர, அவரால் முன்போல் ஊர் சுற்ற முடியவில்லை. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு அல்லவா, அந்தக் கட்டுக்கு அவர் மனமொப்பித் தம் கால்களை நீட்டிக் கொடுத்தார். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவதும் இரவெல்லாம் விழித்திருப்பதும் அழுக்குத் துணி அலசுவதும்தான் பிறகு அவருடைய ஊழியம். 1951இல் அங்கேயே மரிக்கும்வரை அந்தக் குழந்தைகளுக்கு அவர் அம்மாவாகவே இருந்தார். பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லாதவர் தேவனுக்கென்று விரும்பி ஏற்றுக்கொண்ட வேலையைத்தான் இன்றைக்கு நீ உன் வீட்டில் செய்துகொண்டிருக்கிறாய். அதைச் செய்வதால் தேவனைவிட்டுத் தூரமாய்ப் போய்விட்டதாக நீ ஏன் நினைக்க வேண்டும்?

உபாகமம் 6ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பார். பிள்ளைகளுக்கு தேவனுடைய வார்த்தையை எங்கே, எப்போது சொல்ல வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது: வீட்டில் உட்கார்ந்திருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழுந்திருக்கையில். இவையெல்லாம் ஒரு தாய் தன் பிள்ளையோடு இருக்கிற நேரங்கள். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் கிடைத்தது பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும்தான் என்று பவுல் பேர் சொல்லி எழுதியிருக்கிறார். ஆகையால் ஞாயிறு பள்ளி ஆசிரியை சொல்லித்தருவார், விடுமுறை வேதாகமப் பள்ளியில் கற்றுக்கொள்வாள் என்று பெரியவளின் காரியத்தை மற்றவர்கள் கையில் முழுவதுமாக விட்டுவிடாதே. அவர்கள் நமக்குத் துணைதான்.

குடும்ப ஜெபத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடவேண்டாம். என் அப்பா வாழைத் தோட்டத்திலிருந்து இருட்டுகிற நேரத்தில் வருவார். கிணற்றடியில் கால் கழுவி, தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் விரித்து வைத்திருக்கும் பாயில் வந்து உட்காருவார். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு முழங்கால். அவர் ஜெபத்தில் அலங்கார வார்த்தை எதுவும் இருக்காது. ஆட்களின் பேர்தான் வரிசையாக இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு வந்து, பஞ்சாயத்துவரைக்கும் போயிருந்த நாட்களில், அந்த மனிதரின் பேரையும், காய்ச்சலில் கிடந்த அவருடைய மகனின் பேரையும் சொல்லி ஜெபித்தார். மறுநாள் காலையில் டீக்கடை வாசலில் அவரைக் கண்டதும், "பையனுக்கு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சத்துருவைச் சிநேகிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அதன் பொருளை எனக்குப் புரியவைத்தது அந்த விசாரிப்புதான்.

உங்கள் வீட்டில் மாப்பிள்ளை வேலை முடிந்து வர இரவு ஒன்பது மணி ஆகிவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் காலையில் பள்ளி வேன் வருமுன் செருப்பு மாட்டும் நேரத்தில் நின்றுகொண்டே ஜெபியுங்கள். ஐந்து நிமிடம் போதும். நாள் தவறாமல் நடப்பதுதான் முக்கியம். பெரியவள் தன் வாயால் ஜெபிக்கட்டும். தெருப் பூனைக்காகவும் உடைந்த பென்சில் பெட்டிக்காகவும் அவள் வேண்டினால் சிரிக்காதே, திருத்தவும் வேண்டாம். அவள் தேவனிடம் பேசப் பழகிக்கொள்கிறாள்.

ஒன்றை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை சேட்டை செய்தால் "சாமி கண்ணைக் குத்தும்" என்று ஊரில் பயமுறுத்துவார்கள். நம் சபை வீடுகளிலும் அதே பழக்கத்தை வைத்துக்கொண்டு, பேரை மட்டும் மாற்றி, "இயேசப்பா அடிப்பார்" என்கிறார்கள். இது எனக்குச் சகிக்க முடியாத பேச்சு. சிறுபிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் அதட்டிய சீஷர்கள்மேல் கோபப்பட்டு, அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஆசீர்வதித்தவரைப் பிரம்பு பிடித்த வாத்தியாராகக் காட்டுவதற்கு நமக்கு என்ன அதிகாரம்? சோறு உண்ண வைப்பதற்கும் தூங்க வைப்பதற்கும் அவர் பேரைச் சொல்லி மிரட்டினால், நாளைக்கு உண்மையிலேயே ஒரு தவறு செய்துவிட்டு நிற்கும்போது அந்தப் பிள்ளை யாரிடம் ஓடும்? கண்டிக்க வேண்டிய இடத்தில் நீயே கண்டி, உன் பேரால் கண்டி. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி தகப்பன்மாருக்குப் பவுல் எழுதியதை மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்து வாசியுங்கள்.

மதிப்பெண் விஷயமும் இதைச் சேர்ந்ததே. புது வருட ஆராதனையில் வாங்கிய, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பிள்ளையின் படிப்பு மேஜையில் ஒட்டிவைத்து, முதலிடம் வந்தால் அது நிறைவேறியது என்று சபையில் சாட்சி சொல்லும் பெற்றோரைப் பார்க்கிறோம். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் அதே வரிசையில் தேர்வில் தவறிய ஒரு பிள்ளையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. பெரியவளுக்கு மதிப்பெண் குறைந்து வருகிற நாளிலும் வழக்கம்போல் ஸ்தோத்திரம் சொல்லி ஜெபியுங்கள்.

அடுத்து, சாப்பாட்டு மேஜை. இதைப் பற்றித்தான் அதிகமாக எழுத வேண்டும் என்று இருந்தேன். நம் ஊர் அசனப் பண்டிகையை நினைத்துப் பார். முந்தின நாள் சாயங்காலமே வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் வந்து சேரும். சபைக் கோயில் வளாகத்தில் பெண்கள் கூடியிருந்து விடியவிடியக் காய் நறுக்குவார்கள். ஆள் இறங்கும் அளவு பெரிய அண்டாக்களில் சோறு வேகும். மறுநாள் பந்தியில் நிலக்காரர் பக்கத்தில் அவரிடம் கூலிக்குப் போகிறவர் உட்கார்ந்து ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார். ஒரு காலத்தில் இந்த மண்ணில் நடக்கவே முடியாத காரியம் அது. ஆனால் அந்தப் பந்தியிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போனவுடன், வேலைக்கு வருகிறவளுக்கென்று தனி டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைக்கிற கிறிஸ்தவ வீடுகளும் நம் பக்கத்தில் இருந்தன, இன்னும் இருக்கின்றன. கல்யாணப் பேச்சு எடுத்தால் பையன் ஜெபிக்கிறவனா என்று கேட்பதற்கு முன்னால், "நம்ம ஆட்களா?" என்று கேட்கிறார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக வேதம் வாசிக்கிற குடும்பங்களிலும் இந்தக் கேள்வி சாகவில்லை என்பது எனக்குத் தீராத மனவேதனை.

உன் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற அக்காவுக்கு நீங்கள் குடிக்கிற டம்ளரிலேயே காபி கொடு. உட்கார நாற்காலி போடு. பெரியவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடாமல் அக்கா என்றோ ஆன்ட்டி என்றோ அழைக்கட்டும். பள்ளியில் யாரோடு விளையாடினாய் என்று கேட்கும்போது அந்தப் பிள்ளையின் குடும்பம், தெரு, சாதி பற்றி எதையும் துருவிக் கேட்காதே. உறவினர் யாராவது பிள்ளைகள் முன்னால் கேட்டால், மரியாதையோடு, ஆனால் பிள்ளைகள் காதில் விழும்படியே, இந்த வீட்டில் அதைப் பேசுவதில்லை என்று சொல்லிவிடு. அதற்காகப் பெரியம்மாவோ அத்தையோ முகம் சுளித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்களும் நம் காசும் மட்டுமே கொண்டு அதை நடத்துவது என்று வேதநாயகம் அசரியாவும் அவருடன் இருந்தவர்களும் தீர்மானித்தார்கள். பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகள் அவை. காணிக்கைக்குக் காசு இல்லாத வீடுகளில் பெண்கள் பிடியரிசி எடுத்துவைத்தார்கள். உன் பாட்டியும் உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிச் செம்பில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள்; அரிசி குறைவாக இருந்த நாளிலும் கை அந்தச் செம்புக்குப் போயிற்று. உன் சமையலறையிலும் ஒரு டப்பா வை, பெரியவள் தன் சின்னக் கையால் போடட்டும். ஆன்லைனில் தசமபாகம் அனுப்பினால் பிள்ளைக்கு அது கண்ணில் படுவதில்லை. அதோடு, பள்ளிச் சேர்க்கைக்காகத் தவறான முகவரி கொடுப்பது, டிக்கெட் எடுக்காமலிருக்கப் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்வது போன்றவை உன் வீட்டில் வேண்டவே வேண்டாம். தன் வயது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

சின்னவனின் ஞானஸ்நானத்தை மே மாத விடுமுறையில் நம் ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொல்கிறார். ஞானப் பெற்றோராக யாரை நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். பிள்ளைக்குத் தங்கச் சங்கிலி போடுகிறவர்களைத் தேட வேண்டாம். அவன் பதினைந்து வயதில் உங்களோடு பேசாமல் கதவைச் சாத்திக்கொள்ளும்போது, அவனைத் தேடி வந்து உட்கார்ந்து பேசக்கூடியவர் யார் என்று நீங்கள் இருவரும் யோசித்துப் பாருங்கள். என் மனதில் ஒருவர் இருக்கிறார். ஆனால் முதலில் உங்கள் எண்ணத்தை எழுது. குருவானவர் இரண்டாம் ஞாயிறு வெளியூர் போகிறாராம், ஆகையால் தேதியை இந்த மாதத்துக்குள் சொல்லிவிட்டால் நல்லது.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா