முன்பல் அடைப்புக்கு நிற எண் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்பல்லில் பல் நிறத்திலேயே அடைத்த இடம் சில நாளில் தனியாகத் தெரிகிறது என்பது பல் மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் புகார். சிலருக்கு அந்த இடம் பக்கத்துப் பல்லைவிட வெளுத்திருக்கும். சிலருக்குச் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கும். உடனே ‘மட்டமான சிமெண்ட் வைத்துவிட்டார்கள்’ என்று பொருளின் மேல் பழி விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் பொருளில் குற்றமில்லை. நிறம் பார்த்த நேரம், பார்த்த வெளிச்சம், பொருளை வைத்த கனம் ஆகிய மூன்றில் ஒன்று தவறியிருக்கும். நாற்காலியில் உட்காரும் வாசகர்களும் அடைக்கும் இளம் மருத்துவர்களும் இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால், பாதிப் புகார்கள் எழாமலே போகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பல்லுக்கு வெள்ளைப் பூச்சு என்று ஒன்று கிடையாது. வெளியே இருக்கும் எனாமல் ஒளியைப் பாதி உள்ளே விடும். உள்ளே இருக்கும் டென்டின்தான் மஞ்சள் சாயலைத் தருகிறது. ஈறோரத்தில் எனாமல் மெல்லியது, அதனால் அங்கே மஞ்சள் கூடுதலாகத் தெரியும். கடிக்கும் முனையில் டென்டினே இல்லை, அதனால் அந்த விளிம்பு நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். வயதாக ஆக எனாமல் தேய்கிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, பல் மொத்தமும் பழுப்பேறுகிறது. ஆக ஒரே பல்லில் மூன்று இடத்தில் மூன்று நிறம். இதை ‘ஏ2’ என்ற ஒற்றை நிற எண்ணுக்குள் அடக்க முயல்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அடுத்தது தண்ணீர். எனாமலின் படிகங்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு, வாய் ஈரத்தில் அவற்றில் நீர் நிறைந்திருக்கும். ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். எனாமலுக்கு அது ஏறக்குறைய 1.62, நீருடையது 1.33, காற்றுடையது 1. இரண்டு பொருள்களின் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அவை சந்திக்கும் இடத்தில் ஒளி அவ்வளவு அதிகமாகச் சிதறும். பல் காய்ந்தால் நீர் வெளியேறிக் காற்று புகுகிறது, சிதறல் கூடுகிறது, பல் வெளுக்கிறது. வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிவதும், காய்ந்ததும் மறைப்பதும் இதே கணக்குதான். வாயைத் திறந்தபடி பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் இருந்தாலே, அல்லது எச்சில் படாமல் பல்லைப் பிரித்து வைக்கும் ரப்பர் விரிப்பான ரப்பர் டேமை மாட்டினாலே, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பல் வெளுத்துவிடும். அந்த வெளுப்பைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்தால், பல் மறுபடி ஈரமேறிப் பழைய நிறத்துக்கு வரும்போது அடைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். பழைய நிறம் முழுவதும் திரும்ப ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எனவே நிறம் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும்: மரத்துப்போகும் ஊசிக்கு முன், பஞ்சுக்கு முன், சொத்தையைக் குடைவதற்கு முன். அதேபோல, அடைத்து முடித்த அன்றே ‘பல்லைவிட இருண்டு தெரிகிறதே’ என்று பதற வேண்டாம். காய்ந்து வெளுத்திருப்பது பல்தான். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

நிறம் பார்க்கும்போது தலைக்கு மேல் எரியும் நாற்காலி விளக்கை அணைத்துவிட வேண்டும். அதன் கடும் வெளிச்சத்தில் எல்லாப் பல்லும் ஒன்றுபோல் தெரியும். நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் நல்லது. இல்லையென்றால் 5500 முதல் 6500 கெல்வின் வரையிலான, நிறங்களை உண்மையாகக் காட்டும் எண் 90-க்கு மேற்பட்ட விளக்கு வேண்டும். இரண்டு பொருள்கள் டியூப்லைட்டில் ஒன்றாகவும் மஞ்சள் விளக்கில் வேறாகவும் தெரிவது உண்டு. ஆகவே இரண்டு வெளிச்சத்திலாவது பார்க்க வேண்டும். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பளிச்சென்ற சேலையையோ சட்டையையோ சாம்பல் நிறத் துணியால் மூடிவிட வேண்டும். ஒரே பார்வையில் ஐந்து விநாடிக்கு மேல் உற்றுப் பார்த்தால் கண் மஞ்சளுக்குப் பழகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது வெளிச்ச அளவு, அதாவது எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்பது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் அது எளிதாகத் தெரியும். ஷேடு பட்டையை, அதாவது நிற எண் போட்ட மாதிரிப் பட்டையை, பல்லோடு சேர்த்துக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பதும் உதவும். மஞ்சள் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பேசும் தூரத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வெளிச்ச அளவு தவறினால் எதிரே இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார்.

இனி அந்த ஷேடு பட்டை. பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது வீட்டா நிறுவனத்தின் 16 பட்டைகள் கொண்ட பழைய தொகுப்பு. அவை பீங்கானால் ஆனவை, நம் அடைப்பைவிடக் கனமானவை. அடைக்கும் காம்போசிட்டோ பிசினும் கண்ணாடித் தூளும் கலந்த பசை. ஒரு நிறுவனத்தின் ஏ2 இன்னொரு நிறுவனத்தின் ஏ2 அல்ல. எனவே பட்டை தோராயமான வழிகாட்டி மட்டுமே. நம்பத் தகுந்த சோதனை ஒன்று உண்டு, அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஒட்டுவதற்காக ஆசிட் வைத்துச் சொரசொரப்பாக்காத, ஈரமான பல்லின் மேல், அடைக்கப்போகும் அதே பசையில் சிறு பொட்டு ஒன்றை, அடைப்பின் கனத்துக்கே, ஒட்ட வேண்டும். ஒன்றுக்கு இரண்டு ஷேடாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நீல விளக்கில் 20 விநாடி இறுக வைத்து, எச்சிலில் நனைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் கூர்முனைக் கருவியால் நெம்பினால் பொட்டு கழன்று வந்துவிடும்.

இறுகவைத்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான பசைகளில் ஒளியை வாங்கி வினையைத் தொடங்குவது கேம்ஃபர்குயினோன் என்ற மஞ்சள் பொருள். 468 நானோமீட்டர் அருகே நீல ஒளியை உறிஞ்சும்போது அதன் மஞ்சள் வெளுக்கிறது. பிசின் இறுகும்போது அதன் ஒளிவிலகல் எண்ணும் உயர்கிறது. அதனால் தூளுக்கும் பிசினுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மாறி, ஒளி ஊடுருவும் அளவும் மாறுகிறது. குழாயிலிருந்து பிதுக்கிய பசையைப் பல்லருகே பிடித்து நிறம் ஒப்பிடுவது இதனால்தான் வீண். இந்த எண்களைப் பொருத்துவதில்தான் தயாரிப்பாளர்களின் வேலையே இருக்கிறது. சிலிக்காவின் எண் 1.46, பேரியம் கலந்த கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.53, பசையில் கலக்கும் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினுக்கு 1.55 அருகே. தூளும் பிசினும் நெருங்கினால் பசை தெளியும், விலகினால் மூடாக்குப் போடும். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாகத் தூளை அரைத்தால் சிதறலே குறைந்துவிடும். அதனால்தான் எனாமலுக்குப் பதிலாக வைக்கும், நானோ தூள் கொண்ட எனாமல் பசைகள் தெளிவாக இருக்கின்றன.

சைக்கிளிலிருந்து விழுந்து முனை உடைந்த முன்பல்லை எடுத்துக்கொள்வோம். அதை ஒரே ஷேடில் நிரப்பினால் வாயின் உள்ளிருட்டு அதன் வழியாகத் தெரிந்து சாம்பலாகும், உடைந்த கோடும் மறையாது. முதலில் உடைந்த விளிம்பின் முன்பக்கத்தில் 1 முதல் 2 மி.மீ. அகலத்துக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். நிறம் திடீரென்று மாறாமல் படிப்படியாகக் கலக்க இந்தச் சாய்வுதான் வழி. முன்பே அளவெடுத்த மாவுக்கட்டு மாதிரியில் மெழுகால் பல்லை முழுமையாக்கி, அதன் மேல் சிலிக்கோன் அச்சு எடுத்து வைத்திருந்தால், உட்புறச் சுவரை அந்த அச்சின் மேலேயே 0.3 முதல் 0.5 மி.மீ. கனத்தில் எனாமல் பசையால் எழுப்பலாம். அதன் முன்னே, ஒளியை மறைக்கும் டென்டின் பசை. இதைச் சாய்வின் மேல் கொஞ்சம் ஏற்றி, கடிக்கும் முனைக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். பக்கத்துப் பல்லின் முனையில் விரல் விரலாக மேடு தெரிந்தால் அதே வடிவில் இழுக்க வேண்டும். இடைவெளியில் நீலச் சாயலுள்ள தெளிந்த பசையைக் கொஞ்சம் வைத்து, கடைசியாக எனாமல் பசை அரை மி.மீ.க்கு மிகாமல். இங்கேதான் அதிகம் தவறுகிறது. இயற்கை எனாமல் ஒரு மி.மீ. இருக்கிறதே என்று இதையும் அதே கனத்துக்கு வைப்பார்கள். உள்ளே போன ஒளி போதிய அளவு சிதறித் திரும்பாது, பல் செத்ததுபோல் சாம்பலாகிவிடும்.

கடைவாய்ப் பல்லுக்கு இத்தனை பாடு தேவையில்லை. அங்கே கொஞ்சம் வெளிர் நிறமாக வைப்பது நல்லதும்கூட. பிறகு ஒரு நாள் அடைப்பை மாற்ற நேர்ந்தால், நல்ல பல்லைக் குடையாமல் எல்லையைக் கண்டுபிடிக்க உதவும்.

நிறம் பொருந்தியும் ஆறு மாதத்தில் பழுப்பேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இறுகாத பசை. ஒரு தடவைக்கு 2 மி.மீ.க்கு மேல் வைக்கக் கூடாது. டென்டின் பசை ஒளியைத் தடுப்பதால் அதற்கு இன்னும் மெல்லிய அடுக்கும் கூடுதல் நேரமும் வேண்டும். விளக்கின் நுனியில் பழைய பசை ஒட்டியிருந்தாலே வெளிச்சம் பாதியாகலாம். ஒளியின் வலுவை அளக்கும் ரேடியோமீட்டரில் அடிக்கடி அளந்து பார்க்காத மருத்துவமனையில் இது யாருக்கும் தெரியவே வராது. காற்றுப் பட்ட மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், கடைசி அடுக்கின் மேல் கிளிசரின் ஜெல் தடவி இன்னொரு முறை ஒளி கொடுத்து, பிறகு வட்டுகளால் கரடிலிருந்து நைஸ் வரை வரிசை தவறாமல் பாலிஷ் செய்ய வேண்டும். நோயாளி முதல் இரண்டு நாள் மஞ்சள் தூக்கலான குழம்பையும், கடுங்காப்பியையும், வெற்றிலையையும் தவிர்ப்பது நல்லது. பற்களை வெளுக்க வைக்கும் சிகிச்சை எண்ணத்தில் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் கழித்துத்தான் அடைக்க வேண்டும். அதற்கு முன் அடைத்தால் பல்லில் தங்கிய ஆக்சிஜன் பசையை இறுகவும் ஒட்டவும் விடாது, பல்லின் நிறமும் நிலைத்திருக்காது.

எல்லாப் பல்லுக்கும் ஒரே ஷேடு என்று விற்கும் பொருள்களைப் பற்றியும் கேட்கிறார்கள். உதாரணமாக ஓம்னிக்ரோமாவில் 260 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைத் தூள்கள் மஞ்சள், சிவப்புப் பக்கத்து ஒளியைத் திருப்பி அனுப்பி, சுற்றியுள்ள பல்லின் நிறத்தோடு கலக்கின்றன. சுற்றிலும் பல் இருக்கும் சிறு குழிக்கு நல்ல பொருள். உடைந்த முனைக்குப் பின்னால் கலந்துகொள்ளப் பல்லே இல்லையே! அங்கே மறைக்கும் அடுக்கு ஒன்று வைக்காமல் அதை மட்டும் நம்பக் கூடாது.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரங்களுக்கு இந்த விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனால் அதற்கு முன்பே ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறையும் நிற்கின்றன. எந்த ஷேடு பட்டையும் இவற்றுக்குப் பொருந்தாது. வெள்ளைத் திட்டைக் குடைந்து அடைப்பது எடுத்த எடுப்பில் செய்யும் வேலையல்ல. அந்த இடத்தில் எனாமலுக்குள் நுண்துளை கூடுதல், அவ்வளவுதான். 15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 2 நிமிடம் வைத்துக் கழுவி, ஆல்கஹாலால் உலர்த்தி, நீர்போல் ஓடும் பிசினை 3 நிமிடம் ஊறவிட்டு 40 விநாடி ஒளி கொடுக்கும் முறை இருக்கிறது. பிசின் ஊறியபின் துளையில் இருக்கும் ஒளிவிலகல் எண் 1.52. எனாமலுக்கு மிக அருகே வந்துவிடுவதால் திட்டு மங்கும், சிலருக்கு மறையும். ஆல்கஹால் விட்டதும் திட்டு மங்கினால் பிசினும் பலிக்கும் என்று கொள்ளலாம். மங்காவிட்டால் அமிலத்தை இன்னொரு முறை வைக்க வேண்டும். பழுப்புக் கறைக்கு மட்டும் இது பலிக்காது, அதை முதலில் வெளுக்க வைக்க வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையின் முன்பல் உடைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுங்கள். அதைவிட நிறம் பொருந்தும் பொருள் எந்த நிறுவனத்திடமும் இல்லை. காகிதத்தில் மடித்துக் காய விடாமல், தண்ணீரிலோ பாலிலோ போட்டு அன்றே பல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். துண்டு முழுதாக இருந்தால் அதையே திரும்ப ஒட்டலாம். காய்ந்துபோயிருந்தால் ஒட்டுவதற்கு முன் நீரில் ஊறவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்,
சேலம்.