கெட்டிமேளம் முதலில், தாலி அப்புறம்: உங்கள் வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் பற்றிய புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஆண்டுச் சந்தா, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டல் தொடர்பாக

அய்யா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் சாட்டில் எழுதி, மெயிலில் எழுதி, இலவச எண்ணில் மணிக்கணக்கில் பாட்டுக் கேட்டு, வேலூரிலிருந்து சென்னை வரை பஸ் ஏறி வந்தும் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த புகார் டிக்கெட் எண்கள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். ஒரே பிரச்சினைக்கு எதற்கு இத்தனை எண் என்று உங்களுக்குத்தான் வெளிச்சம்.

நான் எடிட்டர் இல்லை. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை உறவுக்காரர்கள் ஆளாளுக்கு போனில் எடுத்திருந்தார்கள். அதையெல்லாம் கோத்து, முகப்பில் தமிழில் ஒரு தலைப்புப் போட்டு, முக்கால் மணி நேர வீடியோவாக்கி சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. வாங்குமுன் வேறு எடிட்டிங் சாஃப்ட்வேர்களை விசாரிக்காமலும் இல்லை. ஐமூவி ஆப்பிள் கருவிகளில்தான் ஓடும், எங்கள் வீட்டில் ஆப்பிள் கம்ப்யூட்டர் கிடையாது. டாவின்சி ரிசால்வ் இலவசம்தான், ஆனால் 8 ஜிபி ரேம் மட்டும் உள்ள, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத எங்கள் லேப்டாப்பில் அது மூச்சுத் திணறும் என்றார்கள். விண்டோஸ் 11-லேயே வரும் கிளிப்சாம்ப் இருக்கிறதே என்றும் ஒருவர் சொன்னார். இதையெல்லாம் விட்டுவிட்டு உங்களிடம் வந்ததற்குக் காரணம், உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘முதன்முதலாக எடிட் செய்பவர்களுக்கு’ என்று போட்டிருந்ததுதான்.

அப்போதும் உடனே பணம் கட்டவில்லை. உங்கள் சாட்டில் மூன்றே கேள்வி கேட்டேன். வெவ்வேறு போனில் எடுத்ததைச் சேர்க்க முடியுமா? தமிழ் எழுத்து சரியாக வருமா? இந்த லேப்டாப் தாங்குமா? மூன்றுக்கும் சேர்த்து ‘யெஸ் மேடம், 100% சப்போர்ட்’ என்று ஒரே பதில். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நம்பித்தான் 4,999 ரூபாய் யுபிஐயில் கட்டினேன்.

முதலில் தம்பியின் ஐபோன் வீடியோ. சத்தம் கேட்கிறது, படம் கறுப்பு. அந்த வகை வீடியோவைத் திறக்க ‘கோடெக் பேக்’ வாங்குங்கள் என்று தனியாகப் பணம் கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஐபோன் 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, செட்டிங்கை மாற்றாவிட்டால், பெரும்பாலும் ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவத்தில்தான் வீடியோவைப் பதிவு செய்கிறது. வீட்டு வீடியோவுக்கென்றே சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துதான் ‘யெஸ் மேடம்’.

அப்புறம் மற்ற போன்களில் எடுத்தவை. ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது. போகப் போக சத்தம் முன்னால் ஓடுகிறது, படம் பின்னால் வருகிறது. எங்கள் வீடியோவில் கெட்டிமேளம் கொட்டி முடிந்து, எல்லோரும் அட்சதை போட்ட சத்தமும் அடங்கிய பிறகு அப்பா சாவகாசமாகத் தாலியை எடுக்கிறார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதற்கு முன்பே சீவாளியிலிருந்து ராகம் வந்துவிடுகிறது. பார்த்துவிட்டு என் சித்தி சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

இதை உங்கள் உதவி மையத்தில் சொன்னபோது ஒருவர் பேசினார். அவரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை என்னால் முடிக்க முடியாது. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நான் பாதி சொல்லும்போதே, ‘மேடம், உங்க சோர்ஸ் வீடியோவே சரியில்ல. மறுபடி ஷூட் பண்ணிட்டு ட்ரை பண்ணுங்க’ என்றார். கேட்டீர்களா? மறுபடி ஷூட் பண்ண வேண்டுமாம்! அப்பாவுக்கு இன்னொரு தடவை அறுபது வயது ஆக்கச் சொல்கிறாரா? அய்யரையும் மேளக்காரரையும் திரும்ப வரவழைத்து, கலசாபிஷேகத் தண்ணீரை அப்பா அம்மா தலையில் மறுபடி ஊற்றச் சொல்கிறாரா? நான் அதைத்தான் கேட்டேன். அதற்கு, ‘பேசிக் தெரியாம சாஃப்ட்வேர் வாங்கினா நாங்க என்ன பண்றது, யூடியூப் பாருங்க’ என்று சொல்லி லைனை வெட்டிவிட்டார். பேசிக் தெரியாதவர்களுக்கு என்றுதானே விற்றீர்கள்?

விஷயம் என்ன தெரியுமா? எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ஒரே நிமிடத்தில் சொன்னான். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையை, அதாவது நொடிக்கு எத்தனை படம் எடுக்கிறது என்பதை, குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 30 என்று ஆரம்பித்தது மண்டபத்துக்குள் இறங்கி இறங்கி ஏறும். அதை ஒரே சீரானதாக நினைத்துக்கொண்டு சாஃப்ட்வேர் ஓட்டினால் சத்தம் நழுவத்தான் செய்யும். இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் அதே வீடியோவைப் போட்டுக் காட்டினான். ‘இதில் ஃபிரேம் விகிதம் மாறிக்கொண்டிருக்கிறது, மாற்றித் தரட்டுமா’ என்று அதுவே கேட்டது! ஒரு பைசா வாங்காதவர்களுக்கு இருக்கும் அக்கறை 4,999 வாங்கிய உங்களுக்கு இல்லை. லேப்டாப் திணறுகிறது என்று சொன்னதற்கு உங்கள் ஆட்கள் ‘புது லேப்டாப் வாங்குங்க’ என்றார்கள். சின்ன அளவு நகலை வைத்து எடிட் செய்யும் ப்ராக்ஸி வசதி உங்கள் சாஃப்ட்வேரிலேயே செட்டிங்கில் இருக்கிறது. அதையும் கண்டுபிடித்தவன் அந்தப் பையன்தான். உங்கள் பொருளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நாங்கள்தான் சொல்லித்தர வேண்டுமா?

தமிழ் எழுத்தைச் சொல்ல விட்டுவிட்டேன். ‘கொண்டாட்டம்’ என்று அடித்தால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கல்யாண வீடியோவின் முதல் காட்சியே எழுத்துப்பிழை. மானம் போய்விட்டது. இதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

சென்னைப் பயணத்துக்கு வருகிறேன். ‘சேவை மையத்துக்கு லேப்டாப்போடு நேரில் வந்தால் உடனே சரிசெய்து தருவோம்’ என்று மெயில் அனுப்பியது நீங்கள். லீவு போட்டு, விடியற்காலை பஸ் பிடித்து, மவுண்ட் ரோடு வெயிலில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மாடி ஏறினால் மேஜை மேஜையாகப் பிரித்துப் போட்ட பிரிண்டர்கள். ‘சாஃப்ட்வேருக்கு இங்க யாரும் இல்லைங்க, நாங்க ஹார்டுவேர் மட்டும்தான் பாக்கறோம்’ என்றார் அங்கிருந்த பெண். அவரை நான் குறை சொல்லவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அந்த முகவரியை எனக்கு அனுப்பியவர் யார் என்றுதான் கேட்கிறேன்.

இத்தனை இழுத்தடிப்பும் முடிவதற்குள் உங்கள் முப்பது நாள் பணம் திருப்பித் தரும் உறுதி காலாவதியாகிவிட்டதாம். கெடு தாண்டும் வரை ‘பரிசீலனையில் உள்ளது’, தாண்டியதும் ‘மன்னிக்கவும்’. எவ்வளவு வசதி!

உங்கள் கம்பெனியில் நல்லவர்களும் இருப்பார்கள் என்று நம்பித்தான் இன்னமும் மரியாதையாக எழுதுகிறேன். தயவுசெய்து இதைப் படிப்பவராவது படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் எனக்கும் வழி தெரியும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்கியபின் கோடெக்குக்கு ஒன்று, எஃபெக்டுக்கு ஒன்று என்று விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதும், சந்தாவிலிருந்து வெளியேற முடியாமல் மடக்கி வைப்பதும் 2023 நவம்பர் 30 அன்று வந்த, வாடிக்கையாளரை ஏமாற்றும் ‘இருண்ட உத்திகள்’ (டார்க் பேட்டர்ன்) பற்றிய வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்டவை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இந்தத் தடவை பஸ் ஏறி வர வேண்டியது நீங்கள்.

எனக்கு வேண்டியது 4,999 ரூபாய் முழுதாக, பஸ் செலவு, ஒரு நாள் சம்பளம், எங்கள் குடும்பத்துக்கு உண்டாக்கிய மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய். ஒரு லட்சம் அதிகம் என்று தோன்றினால் என் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். ‘மறுபடி ஷூட் பண்ணுங்க’ என்ற அந்த நபர் என் அப்பாவுக்குப் போன் செய்து வருத்தம் தெரிவிக்க வேண்டும், தன் பெயரைச் சொல்லி.

சந்தாவுக்கான ஆட்டோபேயை என் யுபிஐ ஆப்பில் நானே நிறுத்திவிட்டேன். ‘உங்களை இழப்பதில் வருந்துகிறோம், 40% தள்ளுபடி’ என்று வரும் மெசேஜ்களை நீங்கள் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
வேலூர் வாடிக்கையாளர்