பதக்கக்காரர் வீட்டாரைக் கையேந்த விடாதீர்கள்

பிலிப்பைன்ஸ் விளையாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் உங்கள் நாட்டுக்காரன் இல்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு தடகளம் பார்க்கிறவன். எங்கள் தலைமுறைக்கு உங்கள் ஓட்டக்காரி லிடியா டி வேகா என்றாலே ஆகாது. 1982-ல் டெல்லியில் நடந்த ஆசியப் போட்டியில் 100 மீட்டரில் பி.டி. உஷாவைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வாங்கினார். 1986-ல் சியோலிலும் அதே 100 மீட்டர், அதே முடிவு. அன்றைக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் எப்போதோ போய்விட்டது. இப்போது இருக்கும் எரிச்சல் உங்கள் மேல். அதைக் கூடியவரை மரியாதையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

2022 ஜூலையில் நடந்தது உங்களுக்கே தெரியும். மார்பகப் புற்றுநோய் நான்காம் கட்டத்தை எட்டி, லிடியா மருத்துவமனையில் கிடந்தார். கைப்பந்து வீராங்கனையான அவருடைய மகள், அம்மாவின் நிலை மிக மோசம் என்று ஊரறியச் சொல்லி உதவி கேட்க வேண்டியிருந்தது. அதே மாதம் டெல்லியில் உஷா மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்றார். ஆகஸ்ட் 10 அன்று லிடியா போய்ச் சேர்ந்தார். வயது 57.

நோய் தெரியவந்தது 2018-ல். அதே ஆண்டுதான் உங்கள் விளையாட்டுப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தீர்கள். அடுத்த ஆண்டு தென்கிழக்காசியப் போட்டியின் தொடக்க விழாவில், பழைய நட்சத்திரங்களோடு அவரையும் கொடி ஏந்தி நடக்க வைத்தீர்கள். அந்தப் பெண் உடம்புக்குள் நோயை வைத்துக்கொண்டு நடந்தார். விழாவுக்குக் கூப்பிட முகவரி கிடைக்கிறது, வைத்தியச் செலவை யார் பார்க்கிறார்கள் என்று விசாரிக்க மட்டும் அந்த முகவரி கிடைக்கவில்லையா? நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு மகள் வாய்விட்டுக் கேட்கும் நிலை வந்திருக்கவே கூடாது. என் கோரிக்கை அதுதான்: நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்களின் மருத்துவச் செலவை, அவர்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

லிடியாவாவது ஊருக்கே தெரிந்தவர். ஒருகாலத்தில் ஆசியாவின் வேகமான பெண். ஜோசஃபின் டி லா வின்யாவை எத்தனை பேருக்குத் தெரியும்? 1966-ல் பாங்காக் ஆசியப் போட்டியில் வட்டு எறிதலில் தங்கம் வென்றவர். வட்டு எறிதல் மைதானத்தின் ஒரு மூலையில், கம்பி வலைக்குப் பின்னால் நடக்கிற சமாச்சாரம். இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் சுழன்று, ஒரு கிலோ தட்டை வீசுவார்கள். அந்த நேரத்தில் கேமரா பெரும்பாலும் ஓடுதளத்தின் பக்கம்தான் திரும்பியிருக்கும். ஓட்டக்காரி வீட்டிலிருந்து குரல் வந்தால் நாடு திரும்பிப் பார்க்கிறது. வட்டு, குண்டு, ஈட்டி எறிந்தவர்கள் வீட்டிலிருந்து வந்தால் யார் காதில் விழும்? அதனால்தான் கேட்பதற்கு முன்பே என்று அழுத்திச் சொல்கிறேன்.

பணமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2019 தென்கிழக்காசியப் போட்டிக்காக நியூ கிளார்க் சிட்டியில் போட்டித் தீபம் எரிய ஒரு கொப்பரையை நிறுத்தினார்களே, அதற்கு ஆனது சுமார் 5 கோடி பெசோ. அது உங்கள் கணக்கில் வராது என்பீர்கள். சரி, எந்தக் கணக்கில் வந்தாலும் எரிந்தது மக்கள் பணம்தானே. அப்புறம் 2024 பாரிஸ். ஜிம்னாஸ்டிக்ஸில் கார்லோஸ் யூலோ இரண்டு தங்கம் வாங்கினார், மறுக்க முடியாத சாதனை. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ஒலிம்பிக் தங்கத்துக்கு அரசு 1 கோடி பெசோ தருகிறது. அதற்கு மேல் தனியார் கொடுத்தது 3 கோடிக்கும் அதிக மதிப்புள்ள வீடு, ஆயுள் முழுக்க இலவசச் சாப்பாடு, இன்னும் என்னென்னவோ. ஒரு மருத்துவர், யூலோவுக்கு 45 வயதானதும் குடல் பரிசோதனையை இலவசமாகச் செய்து தருவதாக அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வெற்றி பெற்றவருக்கும் ஒரு நாள் வயதாகும், உடம்புக்கு ஏதாவது வரும் என்று அந்தக் கூட்டத்தில் யோசித்தவர் அந்த மனிதர் ஒருவர்தான்.

எங்கள் ஊர் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. வாங்கிய பதக்கத்தை விற்கப்போவதாக முன்னாள் வீரர்கள் சொல்வதை நாங்களும் செய்தியில் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள்தான். எங்கள் அதிகாரிகளுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அது இதைவிட நீளமாக இருக்கும்.

கோபத்தில் ஏதாவது அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். ஆசியப் போட்டிகளில் பதக்கம் வென்ற உங்கள் நாட்டவர் யார் யார் என்ற பட்டியல் உங்களிடம் இருக்கும். அதில் உயிரோடு இருப்பவர்களைத் தேடிப் பிடியுங்கள், மூத்தவர்களிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனைக்கு அழையுங்கள். நோய் என்று தெரிந்தால் மருத்துவமனைக் கட்டணம் நேராக உங்கள் அலுவலகத்துக்கு வரட்டும். விண்ணப்பம், சான்றிதழ், சிபாரிசுக் கடிதம் எதையும் கேட்காதீர்கள். பதக்கம் வாங்கிய அன்றே அவர்கள் பெயர் உங்கள் ஏட்டில் ஏறிவிட்டதே.

இப்படிக்கு,
உஷா தோற்ற கோபத்தில் ஒருகாலத்தில் லிடியாவைத் திட்டிய ரசிகன்