வயர் சாதனங்களுக்கான வைஃபை பெட்டி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ரிச்சி தெருவில் உள்ள நம் கடை போலிச் சரக்கு விற்பதாக, வேளச்சேரி அடுக்ககம் ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய செய்தியை உங்களில் பலரே எங்களுக்கு அனுப்பி வைத்தீர்கள். லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை) மட்டுமே உள்ள பழைய டிவி, டிவிஆர் (கண்காணிப்பு கேமரா பதிவுப் பெட்டி), பிரின்டர் ஆகியவற்றைச் சுவரில் துளையிடாமல் வைஃபையில் இணைப்பதற்காக நாங்கள் தரும் சிறு பெட்டியைப் பற்றியது அது. அட்டையில் 300 எம்பிபிஎஸ் (இணைய வேகத்தின் அளவு) என்று போட்டிருக்க, டிவியில் 40கூட வரவில்லை என்பதே குறை.

அந்த 300 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏட்டளவிலான உச்சம். அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்வதால் கைக்கு வருவது எப்போதும் குறைவுதான். மேலும், பெட்டியின் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராது; அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் 10/100 என்று இருப்பது இதைத்தான் குறிக்கிறது. போலி என்ற சொல் எங்களை மிகவும் வருத்தியதால், குறை சொன்னவரின் வீட்டிற்கே சென்று பார்த்தோம். பெட்டி டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி, ரிப்பீட்டர் முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அம்முறையில் ஒரே ரேடியோ வாங்கியதையே மறுபடி ஒலிபரப்பவும் வேண்டியிருப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். வைஃபையை வாங்கி லேன் கேபிள் வழியே சாதனத்துக்கு மட்டும் தரும் கிளையண்ட் முறைக்கு மாற்றி, நீளமான லேன் கேபிள் போட்டு, ரவுட்டர் கண்ணில் படும்படி கூடத்து வாசலருகே வைத்ததும் அதே பெட்டி 70ஐத் தாண்டியது. 4கே படத்துக்கு 25 போதும். போலிப் பெட்டி இடம் மாறியதும் திருந்திவிடுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால், பெட்டியைச் சாதனத்தின் அருகிலேயே வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிவிஆர் வைத்திருப்போரும் அஞ்ச வேண்டாம். வைஃபை நின்றாலும் பதிவு அதன் ஹார்டு டிஸ்கில் தொடரும், செல்பேசியில் பார்ப்பது மட்டுமே தடைப்படும்.

அச்செய்தியைக் கண்டதும் எங்களுக்காகக் குழுவில் பரிந்து பேசிய அன்பர்களுக்கு மனமார்ந்த நன்றி. வீடுகளுக்கு வந்து பொருத்தித் தந்த தம்பி சொந்த ஊருக்குச் சென்றுவிட்டதால், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், ரூ.350 கட்டணத்தில் வருவோம். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் குறித்துக்கொண்டு பெட்டியுடன் கடைக்கு வந்தால், கிளையண்ட் முறையில் அமைத்து, இலவசமாகவே கையில் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்