சுருட்டின் மென்மை இலையில் இருக்கிறது, நிறத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகச் சுருட்டு பிடிப்போர் காட்டம் குறைந்த சுருட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வேடசந்தூர் வட்டாரத்தில் புகையிலையைத் தரம் பிரித்து வாங்கும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மேலே சுற்றிய இலை வெளிறியிருந்தால் சுருட்டு மென்மையானது, கறுத்திருந்தால் காட்டமானது என்கிறது கட்டுரை. நீளம் குறைந்ததை வாங்கினால் தலை சுற்றாது என்கிறது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயோடு விட்டுவிட்டால் உடலுக்குக் கேடில்லை என்று முடிக்கிறது. முதல் இரண்டும் அரைகுறையானவை. மூன்றாவது தவறானது மட்டுமன்று, படிப்பவரைத் தீங்கில் கொண்டுபோய் விடக்கூடியது.

சுருட்டு மூன்று வகை இலையால் ஆனது. நடுவில் உள்ளிலை, அதைப் பிடித்து வைக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே பார்வைக்குத் தெரியும் மேலிலை. எடையில் மிகப் பெரும் பங்கு உள்ளிலையே என்பதால், காட்டம் எவ்வளவு என்பதையும் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது. அந்த உள்ளிலை செடியின் எந்த மட்டத்திலிருந்து பறிக்கப்பட்டது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அடியிலைகள் மெல்லியவை; நன்றாக எரியும், காட்டம் குறைவு. நடுப்பகுதி இலைகளுக்கு மணம் அதிகம். உச்சியிலைகள் வெயிலை முழுதாக வாங்கித் தடித்து, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். மெதுவாக எரியும், நிகோடினும் அவற்றில்தான் மிகுதி. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் நிகராகுவாவிலும் இவற்றை முறையே வொலாடோ, செக்கோ, லிஹேரோ என்று பிரித்து அழைப்பார்கள். மென்மையான சுருட்டு என்றால் லிஹேரோ மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ சுருட்டப்பட்டது என்று பொருள். வெளியே தெரியும் நிறத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

புகையிலை பயிரிடும் எந்த உழவரைக் கேட்டாலும் இதற்கான காரணத்தைச் சொல்வார். நிகோடின் செடியின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. பூக்கும் பருவத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால், பூவுக்கும் விதைக்கும் போக வேண்டிய ஊட்டம் இலைகளுக்குத் திரும்பி அவை தடிக்கின்றன; வேரும் கூடுதலாக நிகோடினைச் செய்கிறது. எந்த உயரத்தில் கிள்ளினார்கள், எத்தனை இலைகளை விட்டார்கள், பக்கக் கிளைகளை ஒழுங்காக ஒடித்தார்களா என்பதெல்லாம் சேர்ந்து அந்த வயலின் இலை எவ்வளவு காட்டமாக இருக்கும் என்பதை முடிவு செய்கின்றன. கடைக்காரர் சுருட்டின் பெட்டியைக் காட்டுவதற்கு முன்பே காட்டம் வயலில் முடிவாகிவிட்டது.

நிறத்தைப் பற்றிய எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதும் புரியாததன்று. அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், வின்ட்சர் ஊரில், 1900-ஆம் ஆண்டில் துணிப் பந்தலின் கீழ்ப் புகையிலை வளர்க்கத் தொடங்கினார்கள். சுமத்ராவிலிருந்து இறக்குமதியான மெல்லிய மேலிலையோடு போட்டியிடவே அந்த ஏற்பாடு. பந்தல் வெயிலைத் தணித்து, உள்ளே ஈரத்தைக் காத்ததால் இலை அகலமாக, மெல்லியதாக, நரம்பு தடிக்காமல், பொன்பழுப்பு நிறத்தில் வந்தது. இன்று அதே வகை விதையை, இயற்கையாகவே மேகம் மூடியிருக்கும் எக்வடோரிலும் வளர்க்கிறார்கள். அந்த மேலிலையைப் பெரும்பாலும் மென்மையான உள்ளிலைக் கலவையின் மீது சுற்றியதால், வெளிர் நிறம் என்றாலே மென்மை என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. ஆனால் அதே பொன்னிற இலையை நிகராகுவாவின் காட்டமான உள்ளிலை மீது சுற்றினாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மறுபுறம், மதூரோ எனப்படும் கறுத்த மேலிலை பெரும்பாலும் கூடுதல் வெப்பத்தில், கூடுதல் காலம் அடுக்கிப் புழுங்கவைத்ததால் கறுத்தது. அப்படிப் புழுங்கும்போது இலையிலிருந்து அம்மோனியா வெளியேறிக் கரகரப்புக் குறைகிறது. சுவையில் இனிப்புத் தட்டும் கறுத்த சுருட்டுகள் உண்டு, தொண்டையைப் பிடிக்கும் வெளிர் சுருட்டுகளும் உண்டு. ஆகவே நிறத்தை நம்பி வாங்காமல், உள்ளிலை எந்த நாட்டு இலை, உச்சியிலை கலந்ததா என்று கடைக்காரரிடம் கேட்பதே சரி. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் முதல் சுருட்டை வாங்க வேண்டாம் என்பேன்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுருட்டின் பருமனை, அதாவது குறுக்களவை, அங்குலத்தின் 64-இல் ஒரு பங்கை அலகாகக் கொண்டு குறிக்கிறார்கள்; 50 என்றால் 50/64 அங்குலம், ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். ஐந்து அங்குல நீளமும் 50 பருமனும் கொண்ட ரொபுஸ்தோ என்ற அளவுச் சுருட்டை, ஐந்தரை அங்குல நீளமும் 42 பருமனும் கொண்ட கொரோனா என்ற அளவுச் சுருட்டோடு ஒப்பிட்டால், குட்டையானதில்தான் கால் பங்குக்கு மேல் புகையிலை அதிகம். குட்டையானது என்று நம்பித் தடித்த சுருட்டை வாங்குபவர் கூடுதல் நிகோடினையே வாங்குகிறார். அதற்காக மிக ஒல்லியானதும் நல்லதல்ல. அது விரைவில் சூடேறிக் கசக்கும்.

நம் பக்கத்துச் சுருட்டைக் கட்டுரை தொடவே இல்லை என்பது எனக்குக் குறையாகவே பட்டது. திண்டுக்கல்லும் உறையூரும் ஆங்கிலேயர் காலத்தில் கடல் கடந்து பெயர் பெற்ற சுருட்டு ஊர்கள். சுருட்டுக்கும் உள்ளிலைக்கும் ஏற்ற புகையிலையை ஆராய்வதற்காகவே 1948-இல் வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வெள்ளைவாழை, கருங்கண்ணி என்று இலையைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். இருபுறமும் வெட்டிய நம் நாட்டுச் சுருட்டு ஒரு தனி மரபு. அதன் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆயினும் அது பழகியவர்களின் நாக்குக்காகச் சுருட்டப்பட்டது, காட்டமானது. விலை குறைவு, அளவு சிறிது என்பதால் மென்மையானதாகத்தான் இருக்கும் என்று எண்ணி ஒரு புதியவர் அதில் தொடங்கினால் வியர்த்துக் குமட்டி உட்கார்ந்துவிடுவார்.

குமட்டல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகிய மூன்றும் நிகோடின் அளவு மீறியதன் அறிகுறிகள். வெறும் வயிற்றில் பிடிப்பதும் அடுத்தடுத்து இழுப்பதும் இதைத் தூண்டும். பழகியவர்கள் நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற நிதானத்தில் பிடிப்பதற்குச் சுவையும் ஒரு காரணம்: வேகமாக இழுத்தால் கங்கு சூடேறி, மிக மென்மையான இலையும் கசந்துபோகும். இனிய சுருட்டு என்று ஒருவர் புகழ்வதும் அதையே கசப்பென்று மற்றொருவர் ஒதுக்குவதும் பல நேரம் இந்த வேக வேறுபாட்டால்தான். காய்ந்துபோன சுருட்டும் அப்படியே. ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு வரை காக்கப்பட்ட பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் கடையைத் தேடுவது நல்லது. மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே வைத்துவிடுவதில் தவறேதும் இல்லை. கடைசிப் பகுதியில்தான் சூடும் கசப்பும் மிகும்.

இனி, நான் இக்கடிதம் எழுதக் காரணமான மூன்றாவது அறிவுரைக்கு வருகிறேன். சிகரெட்டின் இலை பெரும்பாலும் சூளையில் சூடேற்றி உலர்த்தப்படுவதால் அதில் சர்க்கரை தங்கி, புகை சற்றே அமிலத்தன்மையோடு வருகிறது. அந்தப் புகையிலுள்ள நிகோடின் உடலில் ஏற அது நுரையீரல் வரை போக வேண்டும். சுருட்டின் இலை காற்றில் உலர்ந்து, பிறகு புழுங்கவைக்கப்படுவதால் அதன் புகை காரத்தன்மை கொண்டது. காரத்தன்மையுள்ள புகையில் நிகோடின் வாயின் மெல்லிய சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலக்கிறது. வெற்றிலைப் புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சுருக்கென்று ஏறுகிறது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த செய்தி. சுண்ணாம்பின் காரம் செய்கிற அதே வேலையைச் சுருட்டுப் புகை தன்னியல்பிலேயே செய்கிறது. உள்ளிழுக்காதவரின் உடலுக்கும் நிகோடின் போகிறது, பழக்கமும் தொற்றுகிறது. ஒரு பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை புகையிலை இருக்கும்; ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரே சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட்டின் புகையிலை அடங்கியிருப்பதும் உண்டு.

நாக்கில் உணரும் காட்டம் குறைந்ததால் நச்சு குறைவதில்லை. எவ்வளவு மென்மையான இலையாயினும் புழுங்கும்போது நைட்ரசமின் எனப்படும் புற்றுநோய் ஊக்கிகள் அதில் உருவாகின்றன. எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் வெளிவருகின்றன. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோயைச் சுருட்டு உண்டாக்கும் என்பது மருத்துவம் நிலைநாட்டிய செய்தி. புகை நெஞ்சுக்குள் போகாவிட்டாலும் வாயையும் தொண்டையையும் தொட்டே தீரும். அதன் துகள் கலந்த உமிழ்நீரை விழுங்கத்தான் செய்கிறோம். இந்தியா 2004-இல் ஏற்புறுதி அளித்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, மைல்டு, லைட் போன்ற சொற்களைப் பொட்டலத்தில் அச்சிட்டுத் தீங்கு குறைந்தது என்ற தோற்றம் தருவதைத் தடுக்கச் சொல்வது இதனால்தான். பொட்டலத்தில் கூடாத சொல் நாளிதழின் கட்டுரையில் அறிவுரையாக வரலாமா என்று பணிவோடு கேட்கிறேன்.

என் கடிதம் நெடுக எந்தச் சுருட்டின் வணிகப் பெயரையும் நான் குறிப்பிடாததற்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுப்பதே காரணம். அதே சட்டம் 18 வயது நிரம்பாதவருக்குச் சுருட்டு விற்பதையும் தடுக்கிறது. வயது வந்த ஒருவர் தம் முடிவாகச் சுருட்டு பிடிக்க விரும்பினால், இலையை அறிந்து, எப்போதாவது ஒன்றைப் பொறுமையாகப் பிடிப்பதை நான் பழிக்க மாட்டேன். அந்த இலையை விளைவித்தவர்கள், சுருட்டியவர்கள் நடுவேதான் நான் வாழ்ந்தேன். ஆனால் அவர் முழு உண்மையைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். ஆகவே, உள்ளிழுக்காவிட்டால் கேடில்லை என்ற வரியை அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வெளியான அதே பக்கத்தில் திருத்தி வெளியிடுமாறும், சுருட்டும் பழக்கத்தை உண்டாக்கும் என்பதை அத்துடன் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வேடசந்தூர் வாசகர் ஒருவர்